தலையணையை விட்டு எழாத தலை

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக் கரிசல் காடுகளிலே பருத்தியும் மக்காச்சோளமும் ஓங்கி நிற்கும் பருவத்தில், தெளிப்பானை முதுகிலே கட்டிக்கொண்டு மருந்தடிக்கும் உழவன், புழுவுக்கென்று கலக்கிய விஷத்தில் ஒரு பங்கைத் தோலாலும் மூச்சாலும் தானும் ஏற்றுக்கொள்கிறான். 2017-ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டத்திலே அவ்வாறு சிலர் மாண்டபோதுதான், அதே ஆண்டில் மராட்டியத்து யவத்மாலில் மருந்தடித்த உழவர்கள் மாண்ட துயரம் நமக்கு அந்நியமானதன்று என்பது பலருக்குப் பிரத்தியட்சமாயிற்று.

மானோகுரோட்டோபாஸ், புரொபெனோபாஸ் முதலிய ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் தாக்குவது நரம்பும் தசையும் சந்திக்கும் ஸ்தானத்தை. நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் என்னும் திரவியத்தை, வேலை முடிந்தவுடன் சிதைத்துவிட ஒரு நொதி உண்டு. விஷம் அந்த நொதியை முடக்கிவிட, மடையை அடைப்பார் இன்றி வயல் மூழ்குவதுபோல் உடம்பெங்கும் அத்திரவியம் தேங்குகிறது. கண்மணி சுருங்கி, வியர்வையும் எச்சிலும் பெருகி, நுரையீரலில் நீர் கோக்கிறது. இவற்றை அட்ரோபின் என்னும் மாற்றுமருந்து அடக்கும். தசையின் செயலிழப்பை மட்டும் அது தொடுவதில்லை.

விஷத்தின் வஞ்சனை இங்கேதான் இருக்கிறது. அட்ரோபினால் தெளிந்து, உறவினரோடு பேசத் தொடங்கிய நோயாளி, ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் தலையைத் தலையணையிலிருந்து தூக்க இயலாதவனாகி, பின்னர் மூச்சுத்தசைகளும் தளர்ந்து போகிறான். பூனாவில் வாடியாவும் அவருடைய சகாக்களும் 1974-இலேயே பிந்தி வரும் இத்தகைய தசைச் செயலிழப்பை வேறுபடுத்திக் காட்டினர்; இலங்கையின் சேனாநாயக்கவும் கரல்லியத்தவும் 1987-இல் பத்து நோயாளிகளைக் கொண்டு இதனைத் தனி நிலையாகவே விவரித்து, அது பதினெட்டு நாள் வரை நீடிக்கக் கூடும் என்றனர். அத்தனை நாளும் செயற்கைச் சுவாசம் தந்து காப்பதன்றி வேறு மார்க்கம் இல்லை.

முடங்கிய நொதியை மீட்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட பிராலிடாக்சிமின் சரித்திரமோ விசித்திரமானது. மராட்டியத்துப் பாராமதியில் நடந்து 2006-இல் வெளியான பரிசோதனையில், அதனைத் தொடர்ச்சியாக ஏற்றியவர்களில் நூற்றுக்கு ஒருவரும், விட்டுவிட்டு ஏற்றியவர்களில் எட்டுப் பேரும் இறந்தனர். 2009-இல் வெளியான இலங்கைப் பரிசோதனையிலோ, மருந்து பெற்ற 121 பேரில் 30 பேரும், உப்புநீர் மட்டுமே பெற்ற 114 பேரில் 18 பேரும் இறந்தனர். இந்த வேற்றுமை தற்செயலாகவும் இருக்கலாம் எனினும், மருந்து காப்பாற்றியது என்பதற்கு அங்கே நிரூபணம் கிட்டவில்லை. இதற்கு மாறாக, பழைய அட்ரோபினையே படிப்படியாக அளவைக் கூட்டி, பின்பு இடைவிடாது ஏற்றியதனால், வங்கதேசத்துச் சிட்டகாங்கில் மரணம் 22.5 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்ததென்று 2012-இல் தெரிந்தது. புதிய மருந்தைக் காட்டிலும் பழைய மருந்தை முறையாகத் தருவதே பெரிது என்பது என் அபிப்பிராயம்.

இத்தகைய சிகிச்சையை நாடுவதற்கு அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மருந்தடித்தவர் மயங்கினால், உடைகளைக் களைந்து, சோப்பிட்டுக் கழுவி, 108-ஐ அழையுங்கள்; மருந்துப் புட்டியை உடன் கொண்டு செல்லுங்கள். மறுநாள் நன்றாகப் பேசுகிறாரே என்று வீட்டுக்கு அழைத்துப் போக அவசரப்படாமல், நான்கு நாளேனும் வைத்தியரின் கண்காணிப்பில் விட்டுவையுங்கள்.