பாரந்தூக்கி ‘முடியாது’ என்றால் முடியாதுதான்

பாரந்தூக்கி ஓட்டுகிறேன் என்று சொன்னால், “உயரத்தில் பயமாக இருக்காதா?” என்றுதான் பலரும் கேட்கிறார்கள். நான் ஓட்டுவது சக்கரத்தில் செல்லும் நடமாடும் பாரந்தூக்கி. என் இருக்கை தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில்தான் இருக்கிறது. எங்கள் பயம் உயரத்தைப் பற்றியது அல்ல, கணக்கைப் பற்றியது.

என் வண்டியின் பக்கவாட்டில் 50 டன் என்று எழுதியிருக்கிறது. எங்கே வைத்தாலும் 50 டன் தூக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. வண்டிக்கு மிக அருகில், சுமார் மூன்று மீட்டர் தூரத்தில்தான் அந்த எடை. கையை மடக்கி வைத்துக்கொண்டு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கலாம். அதே வாளியைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பாரந்தூக்கிக்கும் அதே கதைதான். 20 மீட்டர் தள்ளி வைக்க வேண்டுமென்றால் என் வண்டியால் நான்கு டன்கூடத் தூக்க முடியாது. கொக்கியின் எடை, கட்டும் சங்கிலியின் எடை எல்லாம் அதற்குள் அடக்கம்.

காலையில் வண்டியை எடுத்ததும் முதலில் பார்ப்பது கம்பி வடம். இழை அறுந்திருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா, டிரம்மில் ஒழுங்காகச் சுற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொக்கியை எவ்வளவு கீழே இறக்கினாலும் டிரம்மில் சில சுற்றுகள் மிச்சம் இருக்க வேண்டும். அந்தச் சுற்றுகளின் பிடிமானம்தான் பாரத்தைத் தாங்குகிறது.

அடுத்து, பூமின் நுனியில் தொங்கும் சின்ன எடைக்கல். கொக்கி மேலே வந்து அதைத் தொட்டுத் தூக்கினால், ஒரு சுவிட்ச் இயங்கி வடம் சுற்றுவதை நிறுத்திவிடும். நிறுத்தாவிட்டால் கொக்கி பூம் நுனியில் மோதி வடம் அறுந்துவிடும். வடத்தை விடாமல் பூமை நீட்டினாலும் கொக்கி தானாக மேலே ஏறும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுவார்கள். தொல்லையாக இருக்கிறது என்று அந்தக் கல்லைக் கம்பியால் கட்டி வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, எல்எம்ஐ என்று நாங்கள் சொல்லும் கணினி. பூமின் நீளம், சாய்வு, அதைத் தாங்கும் சிலிண்டரின் அழுத்தம் ஆகியவற்றை வைத்து இப்போது எவ்வளவு எடை, எவ்வளவு தூக்கலாம் என்று காட்டிக்கொண்டே இருக்கும். 90 விழுக்காட்டை நெருங்கினால் எச்சரிக்கும். 100 தொட்டால் ஆபத்தான அசைவுகளைத் துண்டித்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை. இரும்புக் கவ்விகள் நிரப்பிய ஒரு பெட்டியை 16 மீட்டரில் தூக்கி 20 மீட்டரில் வைக்க வேண்டும். கொக்கி உட்பட 2.8 டன் என்று தூக்குதல் திட்டத்தில் எழுதியிருந்தது. 20 மீட்டரில் 3.8 டன் வரை தூக்கலாம். வசதியான வேலை.

தூக்கினேன். திரையில் 4.0 என்று காட்டியது. அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். 16 மீட்டரில் அந்த எடை பிரச்சினை இல்லை என்பதால் மணி அடிக்கவில்லை. சிக்னல்மேனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்த நான் திரையைப் பார்க்கவில்லை. பூமைச் சாய்த்துக்கொண்டே போனேன். 18 மீட்டரில் மணி அடித்தது. 19 மீட்டரை நெருங்கும்போது எல்லாம் நின்றது.

மேற்பார்வையாளர் கீழிருந்து கத்தினார்: “அண்ணே, இன்னும் ஒரு மீட்டர்தானே! சாவியைத் திருப்பிட்டு வச்சிடுங்க. லாரி காத்திருக்கு.”

கணினியை ஒதுக்கிவிட்டு இயக்க ஒரு சாவி உண்டு. பழுதுபார்க்கும்போதும் அவசரத்திலும் மட்டும் பயன்படுத்த வேண்டியது. உண்மையைச் சொல்கிறேன், என் கை அந்தச் சாவி வரை போனது. பெட்டிக்குக் கீழே இரண்டு பேர் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். கையை எடுத்துவிட்டேன்.

பூமை நிமிர்த்த மட்டும் கணினி விட்டது, ஏனென்றால் அது பாரத்தை வண்டிக்கு அருகே கொண்டுவரும். வந்த வழியே திரும்பி, பெட்டியை இறக்கினேன். மூடியிருந்த தார்ப்பாயை விலக்கினால், உள்ளே தண்ணீர். கூரை ஓரத்தில் மூன்று நாள் மழையில் வைத்திருக்கிறார்கள். இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம். இரும்பு அடைத்த இடத்தைக் கழித்தாலும் ஒரு டன்னுக்கு மேல் தண்ணீர். கொட்டிவிட்டு மறுபடியும் தூக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, மனிதவள அமைச்சிடம் பதிவுசெய்த ஓட்டுநர்தான் நடமாடும் பாரந்தூக்கியை இயக்க முடியும். தூக்குதல் திட்டம், மேற்பார்வையாளர், பாரம் கட்டும் ரிகர், சிக்னல்மேன் எல்லாம் கட்டாயம். அன்று எல்லாமே இருந்தன. எல்லாருடைய கையொப்பமும் இருந்தது. தார்ப்பாயை விலக்கிப் பார்க்கத்தான் யாரும் இல்லை, நான் உட்பட.

இயந்திரத்தையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. தாங்கு கால்களுக்குக் கீழே மண் இளகியிருப்பது கணினிக்குத் தெரியாது. திடீரென்று அடிக்கும் காற்றும் தெரியாது. நான் தவறான எண்ணைப் பதிவுசெய்தால் அதையே நம்பிக் கணக்குப் போடும். அதனால்தான் இப்போதெல்லாம் பாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்துகிறேன். பிரேக் பிடிக்கிறதா, திரையில் உள்ள எடையும் காகிதத்தில் உள்ள எடையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகுதான் அடுத்த அசைவு.

அன்று மாலை அந்த மேற்பார்வையாளர் எனக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தார். நாங்கள் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து, தூக்குவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியின் தார்ப்பாயையும் அவரே விலக்கிப் பார்க்க ஆரம்பித்தார்.

வேலையிடத்தைத் தாண்டி நடக்கும்போது தடுப்பு போட்டு உங்களைச் சற்று நிற்கச் சொன்னால் கோபப்படாதீர்கள். உள்ளே ஒருவர் திரையில் உள்ள எண்ணை இன்னொரு முறை பார்த்துக்கொண்டிருக்கலாம்.