வாசி தீர்ந்த காசு

இறைவன் புகழைப் பாடுவோர் அதற்குப் பொருள் பெறுதல் தகுமோ என்று சிலர் வினவுகின்றனர். தெய்வத்துக்கென்று பாடியபின் கூலி எதற்கு என்பது அவர்தம் கருத்து. இதற்குப் பெரியபுராணம் தரும் விடையைக் காண்போம்.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்துற்றபோது, அடியார்க்கு அமுதளிக்கும் பொருட்டு, இறைவர் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு படிக்காசு அருளினார். அப்பர் திருமடத்தில் உரிய வேளையில் அமுது ஆயிற்று. பிள்ளையார் திருமடத்தில் காலம் தாழ்த்தது. காரணம் வினவியபோது, பிள்ளையார் பெற்ற காசுக்குக் கடைக்காரர் வாசி கேட்கின்றனர் என்பது தெரிந்தது. கைத்தொண்டு புரிவதனால் அரசருக்கு வாசியில்லாக் காசு கிடைக்கின்றது என்றுணர்ந்த பிள்ளையார், தமக்கும் வாசி தீர வேண்டுமெனப் பதிகம் பாடி, நற்காசு பெற்றார். காசு மாற்றும்போது கழியும் வட்டமே வாசி என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் அறிந்த செட்டிநாட்டார்க்கு விளக்க வேண்டுவதில்லை. ஞானப்பால் உண்டவரே நிறைகாசு கேட்கக் கூசினாரல்லர். அக்காசை நம்பி அடியார் பந்தி காத்திருந்ததன்றோ?

கேட்பதற்கு ஓர் அளவும் உண்டு. ஆலவாய்ப் பெருமான் தம்மை யாழிசையால் வழிபட்ட பாணபத்திரருக்குத் திருமுகம் தந்து, சேரமான் பெருமாளிடம் அனுப்பினார். சேரமான் தம் நிதிக்குவை அனைத்தையும் அரசையும் அளிக்க முற்பட்டார். பாணரோ தமக்கு வேண்டுவன மட்டும் ஏற்று, அரசைக் கொள்ளாது மீண்டார்.

கொடுப்போர் கடமையைத் தஞ்சைக் கல்வெட்டு கூறும். பெரிய கோயிலை 1010இல் நிறைவித்த முதலாம் இராசராசன், அங்குத் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்தான். ஐம்பதின்மருக்கும் ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் நிவந்தம். ஒருவர் இறந்தால் அவர்தம் உறவினர் பாடி அந்நெல் பெறுவர். உறவினர் தகுதியற்றவராயின் தக்கார் ஒருவர் அவ்விடத்தில் பாடுவர். பாடுவோர் வீட்டு அடுப்பும் அணையலாகாது, சந்நிதிப் பாட்டும் ஓயலாகாது என்று அம்மன்னன் இரண்டையும் சேர்த்தே எண்ணினான்.

நம் நாட்டிலும் அவ்வெண்ணம் உடையோர் இருந்தனர். கானாடுகாத்தான் இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் 1943இல் தமிழிசைச் சங்கம் கண்டார். அச்சங்கம் தேவாரப் பண்களின் ஆராய்ச்சியையும் வளர்த்து வருகின்றது. வாணிகத்தில் ஒரு பகுதியைக் கோயிலுக்கு மகமையாக எடுத்து வைத்த மரபும் நம்முடையதே.

ஆயினும் இன்று திருவிழாக் கணக்கைப் பாருங்கள். வாணவேடிக்கைக்கும் மின்விளக்குக்கும் கேட்டதைக் கொடுத்துவிட்டு, ஓதுவாரிடமும் நாகசுரக்காரரிடமும் வந்தவுடன், "சுவாமி காரியந்தானே, பார்த்துச் செய்யுங்கள்" என்கின்றோம். அவர் வீட்டுப் பிள்ளையும் பள்ளிக்குச் செல்ல வேண்டும். பாட்டால் பிழைக்க இயலாது என்று தந்தை கண்டால், மைந்தனுக்குப் பண் கற்பிப்பாரோ? அன்று சந்நிதியில் ஓதுவதற்கு ஆள் இராது.

ஆதலின் விழாவுக்குப் பொருள் வகுக்கும்போது, ஓதுவார்க்கும் இசைவாணர்க்கும் உரியதை முதற்கண் எழுதுங்கள். குறைக்காது, காலந்தாழ்த்தாது, தாம்பூலத்தோடு வைத்து வணங்கிக் கொடுங்கள். அதுவே வாசி தீர்ந்த காசு.

திருச்சிற்றம்பலம்.