கல்பாசி: காடு தரும் மெதுவான செல்வம்

தலைநகர் டெல்லியின் சாணக்யபுரி, அயல்நாட்டுத் தூதரகங்களின் இருப்பிடமாக அறியப்படுவது. தமிழ்நாடு இல்லமும் அங்கேதான் அமைந்துள்ளது. அப்பகுதிக்குப் பெயர் தந்த சாணக்கியரின் அர்த்தசாஸ்திரம், வனப்பொருள்களுக்கெனத் தனியே ஒரு கண்காணிப்பாளரை வகுத்துரைக்கிறது. காட்டு விளைபொருள்களைத் திரட்டுவது, அவற்றைக் கொண்டு தொழில் நடத்துவது, காட்டுக்குக் கேடு செய்வோரிடம் தண்டம் பெறுவது ஆகிய மூன்றும் அவ்வதிகாரியின் கடமைகள். வருவாயும் பாதுகாப்பும் ஒரே பொறுப்பில் இருக்கவேண்டும் என்னும் அந்த எண்ணம் இன்றைக்கும் பொருந்துகின்ற வனப்பொருள் ஒன்று நம் சமையலறையிலேயே இருக்கிறது. அதுவே கல்பாசி.

செட்டிநாட்டுக் குழம்புக்கும் பிரியாணிக்கும் தனிமணம் தருவது கல்பாசி. ஒருபுறம் சாம்பல் நிறமும் மறுபுறம் கருமையும் கொண்ட அந்தச் சருகு, காய்ந்த நிலையில் அதிகம் மணப்பதில்லை. சூடான எண்ணெயில் பட்டதும் மண்ணும் புகையும் கலந்தாற்போன்ற வாசனையை எழுப்பும். பழைய டெல்லியின் காரி பாவ்லி மசாலாச் சந்தையில் இதனைப் 'பத்தர் கே பூல்' என்றும் 'சரீலா' என்றும் அழைக்கின்றனர். மராத்தியில் 'தகட் பூல்', கன்னடத்தில் 'கல்லு ஹூவு'. கல்லில் பூத்த பூ என்பதே இப்பெயர்கள் பலவற்றின் பொருள். உண்மையில் இது பூவன்று. வெறும் பாசியும் அன்று. மரக்கிளைகளிலும் பாறைகளிலும் படர்ந்து வளரும் 'லைக்கன்' என்னும் கூட்டுயிரி.

இருவர் சேர்ந்த கூட்டுத்தொழில்

பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் வாழ்க்கையே லைக்கன். பூஞ்சை உடலாக அமைந்து, ஈரத்தையும் தாது உப்புகளையும் தேக்கி, பாசியைக் கடும் வெயிலிலிருந்து காக்கிறது. பாசி, சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துப் பூஞ்சைக்கும் பங்களிக்கிறது. சுவிட்சர்லாந்து நாட்டுத் தாவரவியலாளர் சைமன் ஷ்வென்டனர் 1860களின் இறுதியில் இவ்வுண்மையை எடுத்துரைத்தபோது, அறிஞர் பலர் அதனை ஏற்க மறுத்தனர். ஒரே உயிராகத் தோன்றுவது இரு வேறு உயிர்களின் கூட்டு என்பது அன்றைக்கு நம்புதற்கரியதாக இருந்தது.

உலகில் ஏறத்தாழ 20,000 லைக்கன் இனங்கள் அறியப்பட்டுள்ளன. இந்தியாவில் மட்டும் 2,500க்கும் மேற்பட்டவை உள்ளன. லக்னோவில் பணியாற்றிய தரணி தர் அவஸ்தி, இந்திய லைக்கனியலுக்கு அடித்தளமிட்டவராகப் போற்றப்படுகிறார். அந்நகரிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அப்பணியை இன்றும் தொடர்கிறது.

காற்றின் கணக்கேடு

லைக்கனுக்கு வேர் இல்லை. தனக்கு வேண்டிய நீரையும் சத்தையும் பெரும்பாலும் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் நேரே உறிஞ்சிக்கொள்கிறது. செடிகளின் இலைமேல் உள்ளதுபோன்ற மெழுகுப் பூச்சும் அதற்கில்லை. ஆகவே, காற்றில் கலந்த நஞ்சும் தடையின்றி உட்புகுந்து தங்கிவிடுகிறது. பாரிஸ் நகரின் லக்சம்பர்க் பூங்காவில் செழித்திருந்த லைக்கன்கள் நகரின் பிற பகுதிகளில் அருகிவிட்டதைக் கண்ட வில்லியம் நைலாண்டர், இவை காற்றின் தூய்மையை அளக்கும் உயிர்க்கருவிகள் என்று 1866இல் எழுதினார். எந்த லைக்கன் எங்கே வளர்கிறது என்பதைக் கொண்டே கந்தக டை ஆக்சைடின் அளவை மதிப்பிடும் படிநிலை அளவுகோலை, 1970இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்வர்த்தும் ரோஸும் உருவாக்கினர்.

இந்திய ஆய்வாளர்களும் நகரங்களின் சாலையோர மரங்களில் வளரும் லைக்கன்களை ஆராய்ந்து, அவற்றில் சேர்ந்துள்ள ஈயம், துத்தநாகம், குரோமியம் ஆகிய உலோகங்களை அளந்துவருகின்றனர். வறண்ட கோடையும் மாசடைந்த காற்றும் கூடிய டெல்லி, கிளைவிட்டுத் தொங்கும் மென்மையான லைக்கன்களுக்கு ஏற்ற இடமன்று. சாணக்யபுரி போன்று மரங்கள் அடர்ந்த பகுதிகளிலும், மரப்பட்டையோடு ஒட்டிப் படரும் உறுதியான வகைகளே தாக்குப்பிடிக்கக்கூடியவை. இமயமலையின் ஓக் மரங்களில் தாடிபோல் தொங்கும் லைக்கன்களைக் கண்டவர்கள் இந்த வேறுபாட்டை எளிதில் உணர்வார்கள்.

இயற்கைக்குச் செய்யும் தொண்டு

வெறும் பாறையில் முதலில் குடியேறும் உயிர்களுள் லைக்கனும் ஒன்று. தான் சுரக்கும் அமிலங்களால் பாறையைச் சிறிது சிறிதாகச் சிதைத்து, மண் உருவாவதற்கு வழிவகுக்கிறது. நீலப்பசும்பாசியைத் துணையாகக் கொண்ட வகைகள், காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்திக் காட்டு மண்ணை வளப்படுத்துகின்றன. இமயமலையின் கஸ்தூரி மானுக்கும் ஆர்க்டிக் பகுதியின் பனிமானுக்கும் குளிர்காலத்தில் லைக்கனே முக்கிய உணவு. 1986இல் செர்னோபில் அணு உலை விபத்தின்போது காற்றில் பரவிய கதிரியக்கச் சீசியம் லைக்கன்களில் படிந்தது. அவற்றை மேய்ந்த பனிமான்களின் இறைச்சி உண்ணத் தகாததாகி, நார்வேயிலும் சுவீடனிலும் வாழும் சாமி இன மேய்ப்பர்களின் பிழைப்பே நிலைகுலைந்தது. ஒரு சிற்றுயிரோடு ஒரு சமூகத்தின் பொருளாதாரம் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்துள்ளது என்பதற்கு இதுவே சான்று.

சந்தையும் சேகரிப்போரும்

பள்ளி ஆய்வகத்தில் அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் நீலமாகவும் மாறிய லிட்மஸ் தாளை நாம் மறந்திருக்கமாட்டோம். அச்சாயம் லைக்கனிலிருந்து பெறப்பட்டதே. கன்னௌஜ் நகரின் ஷமாமா அத்தரிலும் ஐரோப்பிய நறுமணத் தைலங்களிலும் லைக்கன்களுக்கு இடமுண்டு. எனினும் இந்தியாவில் பெருமளவு விற்பனையாவது மசாலாப் பொருளாகவே.

கல்பாசியைப் பயிரிட்டு அறுவடை செய்யும் வழக்கம் இல்லை. சந்தைக்கு வருவது காட்டிலிருந்து சேகரிக்கப்பட்டதே. உத்தராகண்டில் 'ஜூலா' என்ற பெயரில் இதனைத் திரட்டும் மலைக் கிராமத்தினருக்கு இது ஒரு துணை வருமானம். நம் சத்தியமங்கலத்தை அடுத்துள்ள கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோலிகர்கள், தேன், நெல்லிக்காய் ஆகியவற்றோடு கல்பாசியையும் சேகரித்து வாழ்ந்தவர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விற்பனைக்கான சேகரிப்பு தடைசெய்யப்பட்டபோது அவர்தம் வருவாய் குன்றியது. பின்னர், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, 2011இல் அங்குள்ள 25 கிராம சபைகளின் சமூக வன உரிமைகள் ஏற்கப்பட்டன. சேகரிக்கும் உரிமையோடு காட்டைக் காக்கும் பொறுப்பும் இதனால் அவர்களிடம் வந்தது.

வட்டியும் முதலும்

லைக்கனின் வளர்ச்சி மிக மெதுவானது. இலைபோல் விரியும் வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. பாறையோடு ஒட்டிய வகைகள் பல, ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. உள்ளங்கையளவு கல்பாசி உருவாகப் பல்லாண்டுகள் ஆகும். அதனைச் சுரண்டியெடுக்கச் சில நொடிகள் போதும். வைப்புத்தொகையின் வட்டியைச் செலவிடுவதற்கும் முதலையே எடுத்துவிடுவதற்கும் உள்ள வேறுபாடு நாம் அறிந்ததே. உதிர்ந்த கிளைகளிலிருந்து சேகரிப்பதும், மரத்தில் ஒரு பகுதியை மீண்டும் வளர விட்டுவைப்பதும், ஒரே இடத்தில் ஆண்டுதோறும் எடுக்காமல் இடைவெளி விடுவதும் முதலைக் காக்கும் வழிகள். கிளையையே வெட்டிச் சாய்த்து எடுப்பது முதலை அழிப்பதாகும்.

உத்தராகண்ட் வனத்துறை 2020இல் பித்தோராகட் மாவட்டத்தின் முன்சியாரியில் நாட்டின் முதல் லைக்கன் பூங்காவைத் திறந்தது. மக்கள் லைக்கனை அடையாளம் காணவும் அதன் மதிப்பை உணரவும் இத்தகைய முயற்சிகள் உதவும். அதே வேளையில், சேகரிப்போருக்கு நியாயமான விலை கிடைத்தாலொழிய விட்டுவைக்கும் பொறுமை அவர்களுக்கு வாய்க்காது. குறைந்த விலைக்கு விற்கும் கட்டாயம் உள்ளவர், அதை ஈடுகட்ட அதிகம் எடுக்கத்தான் நேரும். மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கங்களிடமிருந்து நேரடியாக வாங்கும் வாய்ப்பு அமையுமானால், நாம் அதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு குடும்பத்தின் குழம்புக்குக் கல்பாசி ஒரு சிட்டிகை போதும். அந்தச் சிட்டிகைக்குப் பின்னே சில ஆண்டுகளின் மழையும் தூய காற்றும் இருக்கின்றன என்பதை நினைவிற்கொள்வோம்.