பகிடி என்றாலும் சம்மதம் வேண்டும்

"சும்மா பகிடிக்குத்தான்" என்று பிள்ளைகள் சொன்னால் நாமும் சிரித்துவிடுகிறோம். இதே பிஸ்கட்டவேயில், ரட்கர்ஸ் பல்கலைக்கழக விடுதியில், 2010 செப்ரெம்பரில் 18 வயது ரைலர் கிளெமென்ரி இன்னொரு ஆணுடன் தனித்திருந்ததை அவரது அறைத்தோழர் கணினிக் கமராவில் களவாகப் பார்த்தார். அடுத்த முறை பார்க்க ருவிற்றரில் மற்றவர்களையும் அழைத்தார். மறுநாள் ரைலர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அறைத்தோழர் இந்தியாவில் பிறந்து, சிறுவயதில் இங்கு வந்தவர். 2016இல், அந்தரங்கத்தில் அத்துமீற முயன்ற குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

சம்மதம் என்றால் எமக்குக் கலியாணப் பேச்சுத்தான் நினைவு. தொடவும், படமெடுக்கவும், எடுத்ததை அனுப்பவும் தனித்தனியே கேட்கவேண்டும் என்று எங்கள் வீடுகளில் யார் சொல்கிறோம்? நியூ ஜேர்சிப் பாடசாலைகளில் 8ஆம் வகுப்பு முடியுமுன் சம்மதம் பற்றிப் படிப்பிக்கிறார்கள். பெற்றோர் எழுதிக்கொடுத்தால் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். வெட்கத்தில் அப்படி எழுதுமுன், உன் படத்தை உன்னைக் கேளாமல் யாரும் அனுப்பினார்களா என்று பிள்ளையிடம் கேட்டுப்பாருங்கள்.