ஜென்செட் ஓடும்போது யார் காவல்?

தோட்ட ஜென்செட் மாலையில் சில மணி நேரம் மட்டும் லயங்களுக்கு வெளிச்சம் தந்த காலத்தைக் கெடாவின் பாலிங் பக்கத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022 ஜூலை 4இல் அங்குள்ள கூப்பாங்கை வெள்ளம் புரட்டிப் போட்டதைப் போன்ற நாட்களில் ஜென்செட் இன்றும் தேவைப்படுகிறது. இப்போது சோலார் பேட்டரியும் சேர்ந்துவிட்டது. வெளி இணைப்பு இல்லாமல் ஓடும் வீடு ஒரு குட்டி மின்கட்டமைப்பு. அதைப் பழுதிலிருந்து காப்பது நாம் நினைப்பதைவிடக் கடினம்.

பெரிய கட்டமைப்பில் இரண்டு கம்பிகள் உரசினால் மின்னோட்டம் பாய்ந்து வந்து ஃபியூஸை உருக்கிவிடும். பெரும்பாலான இன்வெர்ட்டர்களோ தம் அளவைப்போல் இரண்டு மடங்கைக்கூடத் தாண்டுவதில்லை. பிரேக்கர் விழ அது போதாது.

எர்த் பழுதில் சிக்கல் இன்னும் நுட்பமானது. கெட்டிலின் உடலில் லைவ் கம்பி படுகிறது. எர்த் பாதையின் மின்தடை 20 ஓம் என்றால் பாயும் மின்னோட்டம் 11.5 ஆம்பியர்தான். பிளக்கிலுள்ள 13 ஆம்பியர் ஃபியூஸ் அசையாது. அதனால்தான் ஈ.எல்.சி.பி. வேண்டும். போன மின்னோட்டம் முழுதாகத் திரும்பியதா என்று பார்த்து, குறைந்தால் துண்டிப்பது அதன் வேலை. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின்படி அது துண்டிக்க வேண்டிய கசிவின் அளவு பொதுவாக 100 மில்லி ஆம்பியர், கையில் பிடிக்கும் சாதனங்களுக்கு 30, ஈரமான இடங்களுக்கு 10.

ஆனால் சிறிய ஜென்செட்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்காது. அவற்றில் முதல் பழுது சத்தமில்லாமல் நடக்கும், எதுவும் துண்டிக்காது. பிறகு வேறோர் இடத்தில் ஒருவர் மற்றக் கம்பியைத் தொட்டால் 230 வோல்ட்டில் மின்சாரம் அவர் உடல் வழியே பாயும். போனதும் வந்ததும் சமமாக இருப்பதால் ஈ.எல்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. உயிர் போகிற இடம் இதுதான்.

இதைத் தடுக்க, வெளி இணைப்பு அறுந்து வீடு தனியாக ஓடும்போது மட்டும் நியூட்ரலை ஒரே இடத்தில் எர்த்தோடு சேர்க்க வேண்டும். அதை உரிமம் பெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஜென்செட்டைச் சுவர் சாக்கெட்டில் செருகவே செருகாதீர்கள். வெளியே கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரை அந்த மின்சாரம் கொன்றுவிடும்.

மாதம் ஒருமுறை ஈ.எல்.சி.பி.யின் 'டி' பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஆனால் எர்த் கம்பி அறுந்திருந்தாலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும். ஆகவே வயர்மேன் வரும்போது எர்த்தை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.