ஊறவைத்த விதையும் பிறவி வேரும்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள் தம்பி, அவசரமில்லை. மல்லாட்டை விதையைக் கால்சியம் குளோரைடு கரைசலில் ஊறப்போட்டு, உலர்த்தி விதைத்தீர்கள். மானாவாரியிலும் இளஞ்செடி காய்ச்சலைத் தாங்கி நின்றது. அந்தக் கொல்லையில் விளைந்ததையே விதைக்கு எடுத்தால் அடுத்த பட்டத்துக்கும் அந்தத் தெம்பு வருமா என்கிறீர்கள்.

வராது. ஊறவைத்தது அந்த ஒரு விதைக்குச் செய்த வைத்தியம். முளைக்கும் வேலையை உள்ளே கொஞ்சம் தொடங்கிவைத்து நிறுத்துகிறோம். மண்ணில் விழுந்ததும் வேர் முந்திக்கொண்டு இறங்குகிறது. மரபணுவில் எதுவும் மாறவில்லை.

சரி, வேர் நன்றாக இறங்கிய செடியாகப் பார்த்து விதைக்கு வைத்தால்? டென்மார்க்கில் வில்ஹெல்ம் யோஹான்சன் கிட்டத்தட்ட இதையே பீன்ஸில் செய்து பார்த்து 1903இல் எழுதினார். ஒரே செடியின் வழிவந்த விதைகளில் பெருத்ததைத் தனியாக, சிறுத்ததைத் தனியாக விதைத்தார். இரண்டும் சராசரியில் ஒரே எடை விதையைத்தான் கொடுத்தன. பீன்ஸ் தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. நம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலையும் பெரும்பாலும் அப்படித்தான். ஒரே ரகத்துக்குள் ஒரு செடிக்கு மட்டும் வேர் நீண்டிருந்தால், அதன் கீழே மண் பொலபொலவென்று இருந்திருக்கும், அவ்வளவுதான்.

பிறவி வித்தியாசம் வேண்டுமென்றால் இரண்டு ரகங்களைக் கலக்க வேண்டும். மாலையில் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட்டு, மறுநாள் விடியலில் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவுவார்கள். இரண்டாம் தலைமுறையில்தான் குணங்கள் பிரிந்து நிற்கும். அப்போதும் வயலில் தோண்டி அளந்தால் பாதி வேர் அறுந்துவிடும். ஐதராபாத் பக்கம் இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தில் மண் நிரப்பிய நீளக் குழாய்களில் செடி வளர்த்து, குழாயோடு எடைபோட்டு, எந்தப் பருவத்தில் எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் வேரின் நீளத்தைவிட இதுதான் முக்கியம். காய் முற்றும்போது வேண்டிய ஈரத்தை முதல் மாதமே உறிஞ்சித் தீர்த்துவிடும் வேர் எவ்வளவு நீண்டிருந்து என்ன?

இளம்பருவக் காய்ச்சலுக்கு ரொம்பப் பயப்படவும் வேண்டாம். செடி முளைத்து நின்றபின் மூன்று வாரம் போலக் காய்ந்து, பிறகு தண்ணீர் கிடைத்தால், பூ ஒருசேரப் பூத்து விளைச்சல் கூடுவதும் உண்டு.

அதனால் நல்ல ரகமாக வாங்கிச் சொந்த விதை எடுத்து வையுங்கள். கலப்பு விழாமல் பார்த்துக்கொண்டால் குணம் மாறாது. ஊறவைப்பதை மட்டும் பட்டத்துக்குப் பட்டம் செய்யவேண்டும். சூரியகாந்தியில் இப்படிச் சொந்த விதை எடுக்கும் வேலை ஆகாது. வீரிய ஒட்டு விதையில் விளைந்ததை மறுபடி போட்டால் செடிக்குச் செடி ஒரு குணமாக நிற்கும்.