விறகு பிளக்கும்போது கவனிக்க வேண்டியவை

2022ஆம் ஆண்டில் சமையல் எரிவாயுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, கண்டி நகரிலும் சுற்றூர்களிலும் பல இல்லங்கள் மீண்டும் விறகடுப்பை நாடின. பழக்கமற்ற கைகளும் கோடரியை எடுத்தன. குறி தவறிய கோடரி காலை நோக்கியே வரும். அதனைத் தடுப்பது அடிக்கட்டையே.

முழந்தாளுக்குச் சற்றுக் குறைந்த உயரமுள்ள அகன்ற கட்டையைச் சமதரையில் அமைத்தல் வேண்டும். விறகை அதன் அப்புறத்து ஓரத்தில் நிறுத்தினால், தவறிய வெட்டுக் கட்டையிலேயே பதியும். கால்களை அகற்றி நிற்றல் நன்று. விறகை ஒரு கையாற் பிடித்துக்கொண்டு மறுகையால் வெட்டுதல் ஆகாது.

தொடங்குமுன் கோடரித் தலை ஆடுகின்றதா எனப் பார்க்க. ஆடினால் பிடியில் ஆப்பு இறுக்குக. மழுங்கிய கோடரி மரத்திற் பதியாது வழுக்கும். ஆதலால் கூராகத் தீட்டுக.

ஹந்தானை போன்ற மலைச்சரிவுகளில் துண்டுகள் உருண்டோடும். கீழ்ப்பக்கத்தில் எவரும், சிறப்பாகச் சிறுவர், நிற்கலாகாது. மழையில் நனைந்த தரையும் பிடியும் வழுக்குமாதலால், உலரும்வரை பொறுத்தல் வேண்டும்.

வெட்டுக்காயத்திற் கோப்பித் தூளோ மண்ணோ இடலாகாது. தூய துணியை வைத்து விடாது அழுத்துக. குருதி நில்லாவிடின் 1990 என்னும் இலக்கத்தில் இலவச நோயாளர் காவு வண்டியை அழைக்க. சிறு காயமாயினும் ஏற்புவலித் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேட்டறிதல் நலம்.